‘கோர்ட்யார்டு ஹோம்’: தமிழில் என்ன சொல்வது?

வீட்டு வரைபடம் போடுகிறவர்கள் வாயில் இப்போது அடிக்கடி வரும் தொடர் ‘சஸ்டெய்னபிள் கோர்ட்யார்டு ஹோம்’. இதில் ‘ஹோம்’ சிக்கலில்லை, வீடுதான். பார்க்க வேண்டியவை மற்ற இரண்டும். அதிலும் முக்கியம் கோர்ட்யார்டு.

‘கோர்ட்’ லத்தீன் ‘கோஹோர்ஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடைக்கப்பட்ட வெளி என்று பொருள். ‘யார்டு’ பழைய ஆங்கிலச் சொல். அதற்கும் வேலி கட்டிய இடம் என்றுதான் பொருள். நம்மவர்கள் ‘நடுசென்டர்’ என்பதுபோல, ஒரே பொருளை இரண்டு தடவை சொல்லும் கூட்டுச்சொல்.

தமிழில் இதற்கு முற்றம். சிலர் வீட்டுப் பேச்சில் மித்தம். ‘முன்’ என்ற வேரோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். இதன் உறவுச்சொல் ‘முன்றில்’, அதாவது இல்லின் முன். ‘முன்’ என்பதற்குப் பின் ‘இல்’ வந்தால் நடுவில் றகர ஒற்று தோன்றும் என்று தொல்காப்பியம் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறது. மலையாளத்தில் இன்றும் முற்றம் என்றால் வீட்டு முன்வெளி. வீட்டுக்குள் இருப்பது நடுமுற்றம். இலங்கைத் தமிழிலும் முற்றம் வீட்டுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கும் வெளிதான். நடுவில் வெளி விட்டு நான்கு பக்கமும் கட்டிய வீடு அங்கே நாற்சார் வீடு; கொங்குப் பக்கம் தொட்டிக்கட்டு வீடு. செட்டிநாட்டு வீட்டில் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும் வளவு.

நெடுநல்வாடையில் இந்தச் சொல் சில வரிகளுக்குள் இரண்டு முறை வருகிறது. ‘தருமணல் ஞெமிரிய திருநகர் முற்றத்து’ என்பது மணல் கொண்டுவந்து பரப்பிய தரை முற்றம். அடுத்து வருவது ‘நிலவுப்பயன் கொள்ளும் நெடுவெண் முற்றத்து’, நிலவை அனுபவிக்கும் மாடி. அந்த முற்றத்து மழைநீர் மகரமீன் வாய் மாதிரிச் செய்த தூம்பு, அதாவது நீர்க்குழாய், நிறைந்து அருவி மாதிரி விழுகிற சத்தமும் உடனே கேட்கிறது. முன்னால் இருந்தாலும் மேலே இருந்தாலும் முற்றம்தான் என்றால், இடத்தைவிட வானம் திறந்திருப்பதுதான் சொல்லின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே பாட்டில், இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்து, நூலறிந்தவர்கள் கயிறு கட்டி மனை வகுத்த செய்தியும் வருகிறது. வெயிலைக் கேட்டுத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

முற்றத்தின் வேலை இரவில் ஆரம்பிக்கிறது. மேலே மறைப்பு இல்லாததால், பகலில் தரையும் சுவரும் வாங்கிய சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. முற்றத்துக்குள் இறங்கித் தங்கி, தாழ்வாரம் வழியாக அறைகளுக்குப் பரவும். வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்ப வெளிச்சுவர் சன்னல்கள் வழியாகக் காற்று உள்ளே வரும். வெளிச்சுவரில் சன்னலே வைக்காமல் முற்றம் மட்டும் விட்டால் இந்த இரண்டாம் பாதி நடக்காது. புழுக்கமான இடங்களில் இரவுக் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கும். அங்கே காற்றோட்டம்தான் லாபம். முற்றம் ரொம்ப அகலமானால் உச்சி வெயில் தரை முழுக்க விழும். சுற்றிலும் தாழ்வாரம் இறக்குவது அதற்காகத்தான்.

அப்புறம் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உள்பக்கம் சாய்ந்த கூரை 100 சதுர மீட்டர் இருந்தால், 10 மி.மீ. மழைக்கே சுமார் 1,000 லிட்டர் முற்றத்தில் வந்து கொட்டும். அதனால்தான் முற்றத்துத் தரை தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்து, ஒரு மூலையைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். அந்த மூலையில் வலை போட்ட துளை. அங்கிருந்து குழாய் நேரே தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும். சரிவு தப்பினால் தண்ணீர் தேங்கும், கொசு வரும். அப்புறம் வீட்டுக்காரரே அலுத்துப்போய் மேலே கண்ணாடி போட்டுவிடுவார்.

கண்ணாடி போட்டுவிட்டால் அதை ‘ஏட்ரியம்’ என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ரோமானியர் வீட்டு ஏட்ரியத்துக்கும் கூரை நடுவே திறப்பு இருந்தது. கீழே மழைநீர்த் தொட்டியும் இருந்தது. முழுக்க மூடிய கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் வரும், சூடு வெளியே போகாது, மழையும் வராது. அதைக் கண்ணாடிக்கூரைக் கூடம் என்று சொல்லிவிடலாம், முற்றம் என்ற பெயர் வேண்டாம். திருட்டுப் பயத்துக்குக் கம்பி வலை போட்டால் பரவாயில்லை, காற்றும் மழையும் தடைப்படாது.

‘அங்கணம்’ ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். வடமொழியிலும் முற்றத்துக்கு அதே சொல் உண்டு, இந்தியின் ‘ஆங்கன்’ அந்த வழிதான். ஆனால் தமிழில் அது கழிவுநீர் ஓடும் இடத்தையும் குறித்தது. ‘அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால்’ என்ற குறளில் (720) அசுத்தமான இடம் என்பதுதான் கருத்து. வீட்டு விளம்பரத்துக்கு ஒத்துவராது.

முற்றம் + வீடு ‘முற்றவீடு’ ஆவது இலக்கணப்படி சரி. ஆனால் படிக்கிறவருக்கு ‘முற்ற’ என்ற வினையெச்சமும் குறுக்கே வந்து நிற்கும். ‘நடுமுற்ற வீடு’ என்றால் குழப்பமில்லை, எங்கே முற்றம் என்பதும் தெரிந்துவிடும்.

இனி ‘சஸ்டெய்னபிள்’. ‘நிலைத்த வீடு’ என்றால் நெடுநாள் இடியாத வீடு என்றுதான் காதில் விழும். ‘பேண்தகு’ இலங்கையில் நன்றாகப் பழகிய சொல், ஆனால் வீட்டோடு சேர்க்கும்போது பராமரிப்பு நினைவுக்கு வருகிறது. ‘வளங்குன்றா’ என்பது சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்கிறது: தண்ணீர், மண், மின்சாரம் எதையும் கரைத்துத் தீர்க்காத வீடு. ஆக, முழுத் தொடருக்கு ‘வளங்குன்றா நடுமுற்ற வீடு’. நீளமாகத் தெரிந்தால் ‘நடுமுற்ற வீடு’ மட்டும் போதும். முதல் அடைமொழியை, குடியேறிச் சில கோடைகளின் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.