டியர்டிராப் டிரெய்லர்: காற்றைப் பார்க்கும் முன் பாரத்தைப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு டிரெய்லர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வீட்டு கராஜிலேயே டியர்டிராப் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், நீர்த்துளி வடிவச் சின்ன கேம்பிங் வண்டி) கட்டிவிட்டு, "வெல்டிங்கை மட்டும் ஒரு பார்வை பாருங்கள்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கார் கொக்கி மேல் எத்தனை கிலோ இறங்குகிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் இருக்காது. கூரையின் வளைவைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரைமணி நேரம் பேசுவார்கள்.

வளைவு வீண் என்று சொல்லவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 50 மைலில் இருப்பது 70 மைலில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆனால் துளி வடிவம் முழுப் பலன் தர வேண்டுமானால் வால் மிக மெதுவாக, நீளமாக இறங்க வேண்டும். சரிவு செங்குத்தானால் காற்று பாதியிலேயே பிய்த்துக்கொண்டு பின்னால் சுழல ஆரம்பித்துவிடும். 4க்கு 8 அடி பிளைவுட்டில் பக்கச் சுவரை வெட்டும் நம் ஆட்களுக்கு அந்த நீளம் எங்கே கிடைக்கும்? உண்மையில் பெட்ரோலை மிச்சப்படுத்துவது பெட்டியின் தாழ்ந்த உயரம்தான், அதாவது அது காரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து வருவது. வளைவுக்கு இரண்டாம் இடம்தான்.

சரி, பாரத்துக்கு வருவோம். இந்த வண்டிகளில் சமையலறை பின்பக்கக் கதவுக்கு அடியில் இருக்கும். அடுப்பு, ஐஸ் பெட்டி, பாத்திரம், தண்ணீர்த் தொட்டி எல்லாமே ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சுக்கு) பின்னால்தான். மாட்டு வண்டி ஓட்டியவர்களிடம் பின்பாரம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், நுகத்தடி தூக்கிக்கொள்ளும் என்பார்கள். இங்கேயும் அதே கதைதான், ஆனால் 55 மைல் வேகத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிரெய்லர் 600 கிலோ, கொக்கியில் இறங்குவது 60 கிலோ, கொக்கிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் கொக்கிப் பாரம் சுமார் 27 கிலோ குறைந்து 33 கிலோவில் நிற்கும். மொத்த எடை 680. அதாவது மொத்த எடையில் கொக்கிப் பாரத்தின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் அளவோ 10 முதல் 15 சதவீதம். இப்படிப் பின்பாரமான வண்டி இறக்கத்திலோ, பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போதோ வாலாட்டத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், கடைசியில் காரையே இழுத்துத் திருப்பிவிடும். ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் வேண்டாம்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பயணத்துக்குப் போகிற மாதிரியே சாமானை ஏற்றி, தண்ணீரையும் நிரப்பி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சமதளத்தில் டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள். குளியலறை எடைமேடையின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி அதில் கொக்கி முனையை இறக்கினால் போதும். காலி வண்டியை அளந்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்! பாரம் குறைவாகத் தெரிந்தால் தண்ணீர்த் தொட்டியை ஆக்ஸிலுக்கு மேலோ முன்னாலோ நகர்த்துங்கள், அதற்கும் மசியாவிட்டால் ஆக்ஸிலையே பின்னுக்குத் தள்ள வேண்டியதுதான். அதனால்தான் பெட்டியின் உள்வேலை முடியும்வரை ஆக்ஸிலை முழுசாக வெல்டிங் செய்துவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

அப்புறம் பிரேக். கலிஃபோர்னியாவில் இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு வேக வரம்பு 55 மைல். கேம்ப் டிரெய்லர் 1,500 பவுண்டைத் தொட்டுவிட்டால் அதற்கே தனி பிரேக் வேண்டும். மேலே போட்ட கணக்கில் வந்த 680 கிலோ ஏறத்தாழ அதேதான். மற்ற மாநிலங்களில் அளவு மாறும், அங்கங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் வாங்கும்போதே பிரேக் மாட்டும் ஃபிளேஞ்ச் (பிரேக்கைப் போல்ட் போட்டுப் பூட்டும் தகடு) உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டால், பின்னால் எடை ஏறினாலும் டிரம் பிரேக்கை மாட்டிக்கொள்ளலாம், ஆக்ஸிலை மாற்ற வேண்டியிருக்காது.