ரெண்டு குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கப் போறீங்களா, தள்ளப்போற உடம்பையும் கொஞ்சம் பாருங்க

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு அம்மா வலது மணிக்கட்டு வலின்னு வந்தாங்க. கட்டைவிரலுக்குக் கீழ லேசா தொட்டாலே முகம் சுருங்குது. மூத்தவனுக்கு ரெண்டரை வயசு, சின்னவளுக்கு ஏழு மாசம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இந்த வலி வர்றது ரொம்ப சகஜம், அதனால நானும் முதல்ல அதுதான்னு நினைச்சேன். கிளம்பறப்பதான் அவங்க ஷூவைக் கவனிச்சேன். ரெண்டு ஷூவுலயும் முன்னாடி, விரல் வர்ற இடத்துல, மேல் தோல் உரிஞ்சு வெள்ளையா இருக்கு. அடிப்பாகம் தேயறது எல்லாருக்கும் நடக்கிறது, மூக்கு ஏன் தேயணும்? தினமும் எவ்வளவு நடப்பீங்கன்னு கேட்டேன். காலையில பெரியவனை விடப் போக, கூட்டிட்டு வர, சாயங்காலம் பார்க், எல்லாம் சேத்து ஆறு கிலோமீட்டர் இருக்கும்னாங்க. வெளியில நிக்கிற ஸ்ட்ரோலரை, அதான் குழந்தைகளை உக்கார வச்சுத் தள்ளுற வண்டியை, உள்ள கொண்டு வரச் சொன்னேன்.

முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சீட் இருக்கிற வண்டி. ஹேண்டில் அவங்க இடுப்பெலும்புக்கும் கீழ நிக்குது, அதுல ரெண்டு பக்கமும் கனமான பை. ஹேண்டில் ஸ்பாஞ்ச் வலது பக்கம் மட்டும் அமுங்கிப் போயிருக்கு. தள்ளிப் பாத்தா வண்டி இடது பக்கமா இழுக்குது, குனிஞ்சு பாத்தா முன் இடது சக்கரத்தோட ஆக்சில்ல, அதாவது சக்கரம் சுத்துற கம்பியில, தலைமுடியும் நூலும் கயிறு மாதிரி சுத்தி இறுகிக் கிடக்குது. ஆறு கிலோமீட்டரும் அவங்க வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வண்டியை நேரா வச்சிருக்காங்க, ஒவ்வொரு அடிக்கும் ஷூ மூக்கு பின் ஆக்சில்ல இடிச்சிருக்கு. அந்த வலில பாதி இந்த வண்டி கொடுத்தது.

நான் குழந்தைகளோடயும் புதுசா அம்மா ஆனவங்களோடயும் வேலை பாக்கிற பிசியோதெரபிஸ்ட். எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம்னு கேக்காத வாரமே இல்ல, ஆனா கேக்கிறது எல்லாம் சீட் எப்படி, ஒரு கையில மடக்க முடியுமா, கார் டிக்கில போகுமான்னுதான். யார் தள்ளப்போறாங்க, அவங்க உயரம் என்ன, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், வழி மேடா பள்ளமான்னு அவங்களாவே சொல்றவங்க ரொம்பக் கம்மி. மாலுக்குள்ள இருபது நிமிஷம் சுத்துறதுக்கு எந்த வண்டியும் ஓகே. தினமும் ஒரு மணி நேரம் ரோட்டுல நடக்கப்போறீங்கன்னா அது வேற கணக்கு.

கணக்குன்னே சொல்றேன். ரெட்டை ஸ்ட்ரோலர் நிறைய மாடல் 12லேர்ந்து 16 கிலோ வரைக்கும் இருக்கும். ஆறேழு மாசக் குழந்தை 7, 8 கிலோ, ரெண்டரை மூணு வயசுன்னா 13, 14 கிலோ, அப்புறம் பை, தண்ணி, மாத்துத் துணி, எல்லாம் சேந்தா கிட்டத்தட்ட 40 கிலோ வந்துரும். சமதரையில 40 கிலோ தெரியாது, உருண்டு போயிரும். ஆனா 12 அடிக்கு 1 அடி ஏறுற சரிவுல, அதாவது வீல்சேருக்குப் போடுற ரேம்ப் அளவு சரிவுலயே, மூணு கிலோவுக்கு மேல தூக்குற அளவு பலத்தை விடாம போட்டுத் தள்ளிட்டே இருக்கணும், நிறுத்தினா பின்னாடி வரும். இறங்கும்போது அதே மூணு கிலோ உங்களை முன்னாடி இழுக்கும், அப்ப தள்ளுறதை விடக் கஷ்டம், ஏன்னா மணிக்கட்டும் தோளும் பிடிச்சு நிறுத்துற வேலைய செய்யுது. உங்க வழியில இறக்கம் இருக்குன்னா கையால பிடிக்கிற பிரேக் இருக்கிற வண்டியாப் பாருங்க, மணிக்கட்டுல மாட்டுற ஸ்ட்ராப் கண்டிப்பா இருக்கணும், இருந்தா மட்டும் பத்தாது, மாட்டணும்.

அடுத்து பக்கத்துல பக்கத்துல உக்காருற வண்டியா, முன்னும் பின்னுமா உக்காருறதான்னு கேப்பாங்க. என் அபிப்பிராயம் தெளிவாவே சொல்லிடறேன், நீண்ட தூரம் நடக்கிறவங்களுக்கு பக்கத்துல பக்கத்துல உக்காருற வண்டிதான் நல்லது. பாரம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு இருக்கும், பிளாட்பாரத்துல ஏத்தும்போது ஹேண்டிலை லேசா அமுக்கினா முன் சக்கரம் தூக்கும். நீளமான வண்டியில முன் சீட்டுக்காரர் ஹேண்டில்லேர்ந்து ரொம்ப தூரத்துல இருக்காரு, அவரைத் தூக்கி ஏத்தணும்னா முழு உடம்பையும் போட்டு அமுக்கணும், பிரசவம் ஆகி சில மாசமே ஆன வயித்துக்கும் முதுகுக்கும் அது நல்லதில்ல. அகலம்தான் பிரச்சனை, 75 சென்டிமீட்டர் பக்கம் வரும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி வீட்டு வாசல், லிஃப்ட், தினமும் போற இடத்து கதவு எல்லாம் டேப் வச்சு அளந்துருங்க. உள்ள போகவே போகாதுன்னா அப்ப நீள வண்டிதான், வேற வழி இல்ல. இன்னொண்ணு, பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கும்போது ஒரு பக்கம் 14 கிலோ ஒரு பக்கம் 7 கிலோன்னா வண்டி கனமான பக்கம் லேசா இழுக்கும், நேரான ரோட்டுல முன் சக்கரத்தைப் பக்கவாட்டுல திரும்பாம லாக் பண்ணிட்டா அது பெரும்பாலும் சரியாயிரும்.

பெரியவருக்கு மூணு வயசு தாண்டிருச்சுன்னா ரெட்டை வண்டியே வேணுமான்னு யோசிங்க. ஒத்தை வண்டியில பின்னாடி மாட்டுற பலகை இருக்கு, அதுல பெரியவர் நின்னுட்டு வருவாரு. கொஞ்ச தூரத்துக்கு அது அருமை, ஒரு மணி நேரத்துக்கு அது உங்க இடுப்பைப் பழி வாங்கும், ஏன்னா உங்களுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிறதால கையை நீட்டி முன்னாடி சாஞ்சு நடக்கணும், அடியும் சின்னச் சின்னதா வைக்கணும். நான் நிறைய பேருக்குச் சொல்றது, சின்னதை உடம்போட கட்டிக்கிற கேரியர்ல வச்சுக்கிட்டு பெரியவருக்கு நல்ல ஒத்தை வண்டி. ஆனா முதுகுல ஏற்கனவே வலி இருக்கிறவங்களுக்கும் ஆபரேஷன் காயம் ஆறாதவங்களுக்கும் இது வேண்டாம். கேரியர்ல குழந்தை முகம் எப்பவும் உங்களுக்குத் தெரியணும், தாடை நெஞ்சோட ஒட்டக்கூடாது.

சக்கரம் விஷயத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க. அஞ்சாறு இன்ச் சக்கரம் ஒரு சின்ன விரிசல்ல இறங்கினாலே வண்டி டக்குன்னு நிக்கும், அந்த அதிர்ச்சி முழுசும் உங்க மணிக்கட்டுக்கு வரும், உள்ள தூங்குறவர் தலையும் ஆடும். 12 இன்ச் சக்கரம் அதே விரிசலை உணராமலே தாண்டும். காத்தடிக்கிற டயர் கரடுமுரடான வழிக்கு ரொம்ப இதமா இருக்கும், ஆனா பஞ்சர் ஆகும், வாரம் ஒருவாட்டி காத்து பாக்கணும், காத்து கம்மியான டயரைத் தள்ளுறது மணல்ல தள்ளுற மாதிரி. அதுக்கெல்லாம் நேரம் இல்லன்னா கெட்டியான ஃபோம் டயர் எடுங்க, கூட சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கிக்கிற ஸ்பிரிங், இருக்கான்னு பாருங்க. மூணு சக்கர வண்டி திருப்ப ரொம்ப சுலபம், ஆனா சரிவுல வேகமாத் திருப்பினா பக்கவாட்டுல சாயுற வாய்ப்பு நாலு சக்கரத்தை விட ஜாஸ்தி.

ஹேண்டில் உயரம் ஏத்தி இறக்கிற மாதிரி இருக்கணும், இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழங்கை லேசா மடங்கி, மணிக்கட்டு நேரா, தோள் தளர்ந்து இருக்கணும், பொதுவா தொப்புள் உயரம் பக்கம் வரும். அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்தித் தள்ளுற வீட்டுல உயரமானவர் ஒரு அளவு, குட்டையானவர் ஒரு அளவு, நடுவுல ஒண்ணுன்னு வச்சா ரெண்டு பேருக்கும் வலி. அப்புறம் கடையில பத்து அடி நல்லா எட்டி வச்சு நடந்து பாருங்க, கால் பின்னாடி இடிச்சா அந்த வண்டியை அங்கயே விட்டுட்டு வந்துருங்க. பையை ஹேண்டில்ல மாட்டாதீங்க. குழந்தை இறங்கின அடுத்த நொடி வண்டி பின்னாடி கவிழும், இன்னொரு குழந்தை உள்ள இருக்கும்போது கவிழ்ந்த கதை நான் ஒண்ணு ரெண்டு இல்ல நிறையவே கேட்டிருக்கேன். பை கீழ கூடையில போகட்டும்.

இப்ப உள்ள இருக்கிறவங்க. கழுத்து நிக்காத குழந்தைக்கு மல்லாக்க முழுசா படுக்கிற சீட் வேணும். பாதி சாஞ்ச சீட்டுல சின்னக் குழந்தை தூங்கினா தலை முன்னாடி விழும், தாடை நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராது, அதுதான் இதுல பயம். கார் சீட்டைக் கழட்டி வண்டியில மாட்டி அப்படியே நடக்கிறது வசதியா இருக்கும், ஆனா புதுசா பிறந்த குழந்தையை அதுல அரை மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, கொஞ்சம் வளந்த பிறகும் ஒரே மூச்சா ரெண்டு மணி நேரம் தாண்ட வேண்டாம். நீங்க ஓடுறதுக்கு வண்டியை எடுத்துட்டுப் போறீங்கன்னா குழந்தைக்குக் குறைஞ்சது ஆறு மாசம் ஆகணும், சில கம்பெனி எட்டு மாசம்னு போட்டிருப்பாங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க, ஓடும்போது முன் சக்கரம் லாக்ல இருக்கணும்.

பெல்ட் அஞ்சு முனை உள்ளதா இருக்கட்டும், ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, கால் நடுவுல ஒண்ணு. பெரியவர் நான் பெரிய பையன்னு அடம் பிடிப்பாரு, அதுக்காக அவுத்து விடாதீங்க. எடை அளவையும் பாருங்க, சில வண்டி ஒரு சீட்டுக்கு 15 கிலோதான் தாங்கும், குழந்தைங்க மூணுலேர்ந்து நாலு வயசுக்குள்ள அதைத் தாண்டிருவாங்க, 22 கிலோ தாங்குறது எடுத்தா இன்னும் கொஞ்ச வருஷம் வரும். கால் வைக்க இடம் இருக்கணும், தொங்குற கால் அரை மணி நேரத்துல மரத்துப்போகும், அப்ப வர்ற அழுகைக்குக் காரணம் தெரியாம பசின்னு நினைச்சு ஏதாவது கொடுத்துட்டு இருப்போம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டுது. ஸ்ட்ரோலர் மாதிரி கட்டிப்போட்டு உக்கார வைக்கிறது ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் தாண்டக்கூடாதுன்னு அதுல இருக்கு, ஒரு வயசுக்கு மேல நாளுக்கு மொத்தம் 180 நிமிஷமாவது ஓடி ஆடணும்னும் இருக்கு. அதனால நீண்ட நடைன்னா நடுவுல நிறுத்துங்க, பெரியவரை இறக்கி விடுங்க, சின்னவரை ஒரு துணி விரிச்சுக் குப்புறப் போடுங்க. நேரம் ஆகும்தான், அந்த நேரத்தையும் சேத்தே கிளம்புங்க.

வெயில் அடிக்குதுன்னு வண்டி மேல துணி போட்டு மூடுறதைத் தயவுசெஞ்சு நிறுத்துங்க. மெல்லிசு துணியா இருந்தாலும் உள்ள காத்து ஓட்டம் நின்னு சூடு ஏறிட்டே போகும், குழந்தை முகமும் உங்களுக்குத் தெரியாது. பெரிய ஹுட் இருக்கிற வண்டி எடுங்க, இல்லன்னா மேல மாட்டுற குடை. குளிர்ல இதுக்கு நேரெதிர், நீங்க நடந்து வேர்த்திருப்பீங்க, அசையாம உக்காந்திருக்கிறவர் விறைச்சிருப்பாரு, பிடரியில கை வச்சுப் பாருங்க, கை விரலைத் தொட்டுப் பாக்காதீங்க, விரல் எப்பவும் கொஞ்சம் ஜில்லுன்னுதான் இருக்கும்.

பழைய வண்டி வாங்குறது தப்பே இல்ல, நானே நிறைய பேருக்கு அதைச் சொல்லியிருக்கேன். ஆனா 2009ல அமெரிக்காவுல ஒரே கம்பெனியோட கிட்டத்தட்ட 10 லட்சம் மடக்கு வண்டியைத் திரும்ப அழைச்சாங்க, மடக்குற கீல்ல குழந்தை விரல் மாட்டி நுனி துண்டான புகார் 12 வந்துது. அதனால மாடல் பேரைப் போட்டு அந்த மாதிரி திரும்ப அழைச்ச வண்டியான்னு தேடிப் பாருங்க. புதுசோ பழசோ, விரிக்கும்போதும் மடக்கும்போதும் ரெண்டு குழந்தையும் கைக்கு எட்டாத தூரத்துல இருக்கணும். ஐரோப்பாவுல ஸ்ட்ரோலர் பாதுகாப்புக்கு ஈ.என். 1888னு ஒரு தரம் இருக்கு, அந்த நம்பர் ஸ்டிக்கர்ல இருக்கான்னு பாருங்க. ஆஸ்திரேலியாவுல பிரேக் லீவர் சிவப்பு கலர்ல இருக்கணும்னு விதியே உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விதி, ஏன்னா தாத்தா பாட்டி தள்ளும்போதும் பிரேக் எங்கன்னு தேட வேண்டியதில்ல.

கடைக்குப் போகும்போது வெறும் வண்டியைத் தள்ளிப் பாத்துட்டு என்ன ஸ்மூத்தா போகுதுன்னு ஏமாறாதீங்க. ரெண்டு குழந்தையையும் உக்கார வைங்க, முடியலன்னா பாட்டில்ல தண்ணி நிரப்பி ரெண்டு பையில எடுத்துட்டுப் போங்க, ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். கடை வாசல்ல படியோ சரிவோ இருக்கும், அதுல ஏத்தி இறக்குங்க, சரிவுல பிரேக் போட்டு ஹேண்டிலைப் பிடிச்ச மாதிரியே லேசா தள்ளிப் பாருங்க. அப்புறம் ஒரு கையால நேரா போகுதான்னு பாருங்க, ஏன்னா இன்னொரு கை உங்களுக்கு எப்பவும் ஃப்ரீயா இருக்காது.

அந்த அம்மா வண்டியை மாத்தல, மாத்துற வசதி இப்ப இல்லன்னாங்க. அன்னைக்கே கத்தரிக்கோலும் சின்ன இடுக்கியும் வச்சு அந்த முடியெல்லாம் எடுத்தோம், பத்து நிமிஷம் ஆச்சு. ஹேண்டிலை உயர்த்துற ஒரு இணைப்பு வாங்கி மாட்டினாங்க, உயரத்தோட கொஞ்சம் பின்னாடியும் வர்றதால கால் இடிக்கிறது நின்னுது. பை கீழ கூடைக்குப் போச்சு, பெரியவன் கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி நடக்கிறான். மணிக்கட்டுக்கு ஒரு ஸ்ப்ளின்ட்டும், அதாவது அசையாம பிடிச்சுக்கிற பட்டையும், பயிற்சியும் கொடுத்தேன். போன வாரம் வந்தாங்க, வலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, பாட்டில் மூடி திறக்கும்போது மட்டும் இன்னும் இருக்குன்னாங்க. வீட்டுக்குப் போற மேட்டு வழியை விட்டுட்டு இப்ப சுத்து வழியில போறாங்களாம், பத்து நிமிஷம் கூட ஆகுது, ஆனா சமதரை.