வீட்டு உபயோகத்துக்கு ஆட்டோ வாங்கலாமா? ஆர்சி-யில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை, கார் வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை, பைக்கில் மனைவி, பிள்ளைகள், அம்மா என்று எல்லாரையும் ஏற்ற முடியாது, அப்போ ஒரு மூணு சக்கர வண்டி, முடிந்தால் எலெக்ட்ரிக், வாங்கி வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மைலேஜ் என்ன, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். வண்டி எந்த வகையில் பதிவாகப் போகிறது என்பதை யாருமே கேட்பதில்லை. மானியம், பெர்மிட், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, நம்பர் பிளேட்டின் எழுத்து நிறம், நாளைக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வருமா வராதா என்பது வரை எல்லாமே அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

என் சித்தப்பா பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. பாட்டியை வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், தோட்டத்துக்குப் போய் வரவும் ஒரு எலெக்ட்ரிக் ஆட்டோ வாங்கினார். சவாரி ஓட்டும் எண்ணமே அவருக்குக் கிடையாது. ஷோரூமில் கேட்காமலேயே கமர்ஷியலாகப் பதிவு செய்துவிட்டார்கள், இவரும் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்து எஃப்சி முடிந்துவிட்டது என்று வழியில் நிறுத்தியபோதுதான் விஷயமே அவருக்குத் தெரிந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 41(4) பிரிவின் கீழ் மத்திய அரசு 2004 நவம்பர் 5 அன்று ஒரு அறிவிப்பு வெளியிட்டது. எந்தெந்த வண்டி போக்குவரத்து வாகனம் (அதாவது கமர்ஷியல்), எது போக்குவரத்து அல்லாத வாகனம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. அந்த இரண்டாவது பட்டியலில் ‘சொந்த உபயோகத்துக்கான மூன்று சக்கர வாகனம்’ என்று தனியாகவே ஒரு வரி உண்டு. வண்டிகளைப் பதிவு செய்யும் அரசின் வாகன் இணையதளத்திலும் த்ரீ வீலர் பாசஞ்சர், த்ரீ வீலர் கூட்ஸ் என்பதோடு த்ரீ வீலர் பெர்சனல் என்று ஒரு வகை இருக்கிறது. ஆகவே ‘ஆட்டோ என்றாலே கமர்ஷியல்தான் சார்’ என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. நீங்கள் வாங்கும் மாடலை அந்த வகையில் பதிவு செய்து தர முடியுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டீலரிடம் கேளுங்கள், முடிந்தால் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெர்சனல் வகையில் பதிவானால் பெரிய நிம்மதி எஃப்சி விஷயம். காரைப் போலவே ஆர்சி 15 வருடத்துக்குச் செல்லும், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். கமர்ஷியல் என்றால் புது வண்டிக்கு முதல் எஃப்சி இரண்டு வருடம், எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் காட்ட வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் அந்த நாள்களின் வருமான இழப்பும் அலைச்சலும் தனி.

பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு, அதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பெர்சனல் வண்டியில் காசு வாங்கி யாரையும் ஏற்றக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு மாதம் இவ்வளவு என்று வாங்கினாலும் அது வாடகைதான். பெர்மிட் தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவின்படி முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டிக்குப் பெர்மிட் வேண்டாமே என்று கேட்பீர்கள், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பிரிவை விடவும் எனக்கு அதிகம் கவலை தருவது இன்சூரன்ஸ். சொந்த உபயோக பாலிசி வைத்துக்கொண்டு வாடகைக்கு ஆள் ஏற்றிய நேரத்தில் விபத்து நடந்தால் கம்பெனி கிளெய்மை மறுக்கும். அடிபட்ட குழந்தையின் குடும்பத்துக்கு நீங்கள் கைப்பணத்தில் இழப்பீடு கொடுக்கும் நிலைமை வந்துவிடும்.

இப்போது எலெக்ட்ரிக் வண்டிகளுக்குக் கிடைத்த, கிடைக்கும் சலுகைகள். அதிகம் குழப்பம் உள்ளது மத்திய அரசு மானியத்தில்தான். ஃபேம் 2 திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சோடு முடிந்தது, இடையில் ஆறு மாதம் இன்னொரு தற்காலிகத் திட்டம் ஓடியது, அப்புறம் 2024 அக்டோபர் 1 முதல் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பிஎம் இ-டிரைவ் வந்தது. அதில் ஆட்டோ மாதிரியான எல்5 வகை வண்டிக்குப் பேட்டரியின் ஒரு கிலோவாட் அவருக்கு 5,000 ரூபாய் கணக்கில் அதிகபட்சம் 50,000, இ-ரிக்‌ஷாவுக்கு 25,000 என்று ஆரம்பித்து, பிறகு இரண்டுமே பாதியாகக் குறைந்தது. திட்டத்தை 2028 மார்ச் வரை நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி படித்திருப்பீர்கள். அந்த நீட்டிப்பு பஸ், லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையம் போன்றவற்றுக்குத்தான். இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு மானியக் கெடு 2026 மார்ச் 31 என்பதில் அப்போது மாற்றம் செய்யவில்லை, அதற்குள் பணம் தீர்ந்தால் அதோடு சரி என்பதும் விதியிலேயே இருந்தது. ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு வண்டி எடுக்கப் போகிறவரிடம் ‘இ-டிரைவ் மானியம் கழித்த விலை’ என்று யாராவது சொன்னால் விசாரிக்காமல் நம்பிவிடாதீர்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு, சொந்தத்துக்கு வாங்கினாலும் மானியம் கிடைத்தது. மூன்று சக்கரத்துக்கு ஃபேம் 2-லும் சரி இ-டிரைவிலும் சரி, கமர்ஷியலாகப் பதிவானால் மட்டுமே. அதுவும் லித்தியம் போன்ற நவீன பேட்டரி வண்டிக்குத்தான், பழைய லெட் ஆசிட் பேட்டரிக்குக் கிடையாது. மானியம் வாங்கிய ஆட்டோவைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த நிபந்தனையை மறக்க வேண்டாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நான்கு பேர் போக ஒரு சிறிய வண்டி வாங்கும் குடும்பமும் அதே பெட்ரோலைத்தானே மிச்சம் பிடிக்கிறது?

எந்த வகையில் பதிவு செய்தாலும் கிடைக்கும் சலுகைகளும் இருக்கின்றன. 2019 ஆகஸ்ட் 1 முதல் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பெட்ரோல், டீசல், கேஸ் ஆட்டோவுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. வரி சேராத விலை மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 15,000, மற்றதற்கு 54,000 வரி. அடுத்து, 2021 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தத்தின்படி பேட்டரி வண்டிக்கு ஆர்சி வழங்கவும் புதுப்பிக்கவும் பதிவுக் கட்டணம் கிடையாது. பில்லில் அதைச் சேர்த்திருந்தால் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். சாலை வரி மாநிலத்தின் கையில் உள்ளது. தமிழ்நாட்டில் 2023 மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரை முழு வரிவிலக்கு கொடுத்தது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும், ஆகவே பழைய விளம்பரத் தாளை நம்பாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

வருமான வரியில் 80இஇபி பிரிவின்படி மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்பார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதலான கடனுக்கு மட்டும்தான் அது.

பெர்மிட்டுக்கு வருகிறேன். 2018 அக்டோபர் 18 அறிவிப்பின்படி பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. ஆட்டோ பெர்மிட்டுக்காகக் காத்திருந்து, இன்னொருவர் பெயரில் இருப்பதைப் பெரிய தொகை கொடுத்து எடுத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். ஆனால் பெர்மிட் வேண்டாம் என்பதற்கு, பெர்சனல் வண்டியில் சவாரி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. அந்த விலக்கு போக்குவரத்து வாகனமாகப் பதிவான வண்டிக்கு மட்டும். எஃப்சி, கமர்ஷியல் இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கும் வேண்டும்.

ரோட்டில் நின்று பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி.

விலை குறைவு என்று இ-ரிக்‌ஷா பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் சேர்த்த 2ஏ பிரிவு, இ-ரிக்‌ஷா என்பதையே வாடகைக்கோ கூலிக்கோ ஆளையோ சரக்கையோ ஏற்றும் மூன்று சக்கர பேட்டரி வண்டி என்றுதான் வரையறுக்கிறது. நான்கு பயணிகள், 40 கிலோ சாமான், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். தினமும் இருபது கிலோமீட்டர் தூரம் வேலைக்குப் போய்வர இது உகந்ததே இல்லை, பின்னால் லாரி வரும் சாலையில் 25-இல் போவது ஆபத்தும்கூட. குடும்பத்துக்கு என்றால் எல்5 வண்டியைப் பாருங்கள்.

லைசென்ஸில் ஒரு தவறான எண்ணம் ஊர் முழுக்க இருக்கிறது. ஹேண்டில்பார் இருக்கிறதே, பைக் லைசென்ஸ் போதும் என்று. போதாது. நம் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம், கழற்றி மாட்டும் சைடு கார் இருந்தால் அதையும் சேர்த்து. ஆட்டோ எல்எம்வி, அதாவது இலகுரக மோட்டார் வாகனம், என்ற வகையில் வருகிறது. கார் ஓட்ட எல்எம்வி வாங்கியிருந்தால் தனியாக வேண்டியதில்லை. வாடகைக்கு ஓட்டினாலும்கூட, 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டிக்கு அதே எல்எம்வி போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. இ-ரிக்‌ஷாவுக்கான தனி விதிகளை மட்டும் அந்தத் தீர்ப்பு அப்படியே விட்டுவைத்தது.

மாற்றுத்திறனாளிகள் ஓட்டும், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்ற தனி வகை, அந்த நபர் பயன்படுத்தவோ அவருக்காகவோ மட்டும் இருக்க வேண்டும். தகுதியுள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகவே வழங்குகிறது. கடன் வாங்குவதற்கு முன் மாவட்ட அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள்.

சார்ஜ் போட வீட்டு இணைப்பே போதும், தனி மீட்டர் கட்டாயமில்லை என்று மத்திய மின்துறை வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் தினமும் ஏழெட்டு யூனிட் ஏறினால் இரண்டு மாத பில்லில் நானூறு, ஐந்நூறு யூனிட் கூடும், மேல் ஸ்லாபுக்குத் தாவும். உங்கள் பழைய பில்லை எடுத்து அதோடு கூட்டிப் பார்த்துத்தான் பெட்ரோலோடு ஒப்பிட வேண்டும். நெடுஞ்சாலையில் மூன்று சக்கரத்துக்குப் பொதுவாகச் சுங்கக் கட்டணம் இல்லை. ஆனால் பெங்களூரு-மைசூரு சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ நுழையவே தடை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். தினசரி உங்கள் பாதையில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஷோரூமில் செய்ய வேண்டியது. பதிவுக்கான விண்ணப்பம் படிவம் 20. பெரும்பாலும் டீலர் ஆள்தான் கணினியில் நிரப்புவார், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். கையெழுத்துக்கு முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, வாகன வகை என்ற இடத்தில் பெர்சனல் என்று இருக்கிறதா, பாசஞ்சர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதே வகைதான் இருக்க வேண்டும். சித்தப்பா இப்போது வகையை மாற்றித் தரக் கேட்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு மூன்றாவது முறையாகப் போய் வந்திருக்கிறார், அன்றைக்கு அந்தத் திரையைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.