நூற்றில் அந்த 29 பேர்

1970-இல் இஸ்ரேலில், மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பெண்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்ற ஆய்வின் தரவுகளை ஆரன் அன்டனோவ்ஸ்கி என்ற மருத்துவச் சமூகவியலாளர் அலசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களில் சிலர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். முகாமைப் பார்க்காதவர்களில் நூற்றுக்கு 51 பேர் ஓரளவு நல்ல மனநலத்தோடு இருந்தார்கள். முகாமிலிருந்து மீண்டவர்களில் 29 பேர்.

கொடுமை மனிதரை உடைக்கும் என்று எழுதிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த 29 அவரை விடவில்லை. முகாம், அகதி வாழ்க்கை, புது நாட்டில் மூன்று போர்கள். இத்தனைக்கும் பிறகு இவர்கள் எப்படி நன்றாக இருக்கிறார்கள்?

பணம், படிப்பு, தன்மேல் நம்பிக்கை, கூட நிற்க ஆட்கள்: நெருக்கடியைத் தாங்க உதவும் இவற்றை 'எதிர்ப்பு வளங்கள்' என்றார். இவை துணையிருக்க வளர்பவருக்கு மூன்று இழைகள் கொண்ட ஓர் உணர்வு ஊறிவிடுகிறது. நடப்பது புரிகிறது, சமாளிக்க வழி இருக்கிறது, மெனக்கெடுவதில் அர்த்தம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது நடு இழை. நம் கையில் உள்ளது மட்டுமல்ல, நாம் நம்புகிறவர் கையில் உள்ளதும் அதில் சேர்த்தி. வளமே கிடைக்காத ஒருவரிடம் போய் "மனசைத் திடமா வச்சுக்கோ" என்பது அநியாயம்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்து என்றதும் மூளை எச்சரிக்கும், அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனை விடும், இதயம் வேகமெடுக்கும். இதெல்லாம் தேவைதான். ஆபத்து போனபிறகும் மாதக்கணக்கில் அடங்காமல் இருந்தால்தான் தூக்கமும் ரத்தக்குழாய்களும் நோய் எதிர்ப்பும் கெடுகின்றன.

அருகில் ஒருவர் இருந்தால் அந்த எச்சரிக்கையே தணிகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் மணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தார்கள். திரையில் ஒரு குறி வந்தால், மின்னதிர்ச்சி விழலாம் என்று அர்த்தம். தனியாகக் காத்திருந்தபோது மூளையின் அச்சப் பகுதிகள் பரபரத்தன. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அது குறைந்தது. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் குறைந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கையும் உதவியது, அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும்.