பிடிச்சா விடக்கூடாது, கூப்பிட்டா வரணும்: மடங்குற நங்கூரமும் தானா கழலுற நங்கூரமும்

நங்கூரம் நல்லா கனமா இருந்தா போதும், அந்த எடைதான் படகை பிடிச்சு வைக்குதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சின்ன படகை பொறுத்தவரை அது பாதி கூட சரி கிடையாது. ஒரு கான்கிரீட் கட்டியை கயித்துல கட்டி இறக்கினா தண்ணிக்குள்ள போனதுமே மிதப்பு விசையில அதோட எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிடும், மிச்ச எடையும் காத்து கொஞ்சம் பலமா அடிச்சா தரையை உரசிக்கிட்டே படகோட பின்னாடி வந்துடும். நல்ல நங்கூரம் வேலை செய்யறது தோண்டி. அதோட இறக்கை மாதிரி இருக்கற ஃப்ளூக் மண்ணுக்குள்ள இறங்கி, முன்னாடி இருக்கற மண்ணு மொத்தத்தையும் தனக்கு எடையா ஆக்கிக்கும், அதனாலதான் 5 கிலோ நங்கூரம் நல்ல கெட்டி மணல்ல தன் எடையை விட இருபது மடங்கு இழுப்பை கூட தாங்குது.

ஆனா இது நடக்கணும்னா இழுப்பு கிட்டத்தட்ட கிடைமட்டமா வரணும். அதுக்குதான் ஆழத்தை போல 5 மடங்கு, 7 மடங்குன்னு கயிறு விடறாங்க, 5 மீட்டர் ஆழத்துக்கு 35 மீட்டர் கயிறு விட்டா கயிறு தரையோட வெறும் 8 டிகிரி கோணத்துல தான் வரும், கீழ் பக்கம் கொஞ்சம் சங்கிலி சேர்த்தா அது தரையில படுத்து கோணத்தை இன்னும் குறைச்சுடும். கிளம்பறப்போ கயித்தை சுருட்டிக்கிட்டே நங்கூரத்துக்கு நேர் மேல வந்து தூக்கினா தண்டு, அதாவது கயிறு மாட்டற நீளமான கம்பி, நெம்புகோலா மாறி ஃப்ளூக்கை மண்ணுலேருந்து பேத்து எடுத்துடும். அதாவது படுக்கையா இழுத்தா பிடி, மேல இழுத்தா விடுன்னு இழுக்கற திசையை வச்சே நாம அதுக்கு கட்டளை குடுக்கறோம். மடக்கறது, தானா கழலறது எல்லா டிசைனுமே கடைசியில இந்த திசை விஷயத்தை எப்படி சமாளிக்குதுன்னு பாத்தாலே பாதி புரிஞ்சிடும்.

முதல்ல மடக்கறது. விரிச்ச நங்கூரம் ரொம்ப அடாவடியான சாமான், எங்க வச்சாலும் ஒரு முனை நீட்டிக்கிட்டு நிக்கும், கால்ல குத்தும், வலையில மாட்டும். படத்துல எல்லாம் வரையற பழைய அட்மிரால்டி வகை நங்கூரத்துலயே இதுக்கு வழி இருந்துச்சு, தண்டுக்கு குறுக்கா போற இரும்பு கம்பியோட ஆணியை கழட்டிட்டு கம்பியை உருவி தண்டு கூடவே படுக்க வச்சுடலாம். இன்னைக்கு கயாக்னு சொல்ற சின்ன துடுப்பு படகு வச்சிருக்கறவங்க நிறைய பேர் வாங்கறது நாலு கொக்கி வச்ச மடக்கு கிராப்னல், நாலு கொக்கியும் அடியில கீல்ல ஆடும், தண்டு மேல ஓடற ஒரு வளையம் கீழ இறங்கினா கொக்கியை விரிச்ச நிலையில பூட்டும், மேல ஏத்தினா நாலையும் சேர்த்து தண்டோட ஒட்டி பிடிச்சுக்கும். ஒன்றரை கிலோவுல பைக்குள்ள அடங்கிடும், அதுவரைக்கும் சந்தோஷம். பிரச்சனை என்னன்னா கொக்கியோட பரப்பு ரொம்ப கம்மி, சேத்துல வெண்ணெயில கத்தி போற மாதிரி வழுக்கிட்டு வரும், பாறையில வேணா நல்லா கவ்வும். அதோட சுமை மொத்தமும் அந்த சின்ன வளையத்தையும் கீல் ஆணியையும் நம்பி இருக்கு, மணல் துகள் போய் அடைச்சாலோ உப்பு பிடிச்சாலோ வளையம் பாதி தூரத்துல நின்னுடும், பூட்டின மாதிரி தெரியும் ஆனா பூட்டியிருக்காது.

இதை விட புத்திசாலித்தனமான டிசைன் 1940 வாக்குல ரிச்சர்ட் டான்ஃபோர்த் கொண்டு வந்தது, ரெண்டாம் உலகப்போர்ல கரையேறுற படகுகள் கரைக்கு வர்றப்போ பின்னாடி இதை போட்டுட்டு வரும், அப்புறம் அந்த கயித்தை சுருட்டியே தன்னை மணல்லேருந்து பின்னாடி இழுத்துக்கும். இதுல ரெண்டு பெரிய தட்டை ஃப்ளூக், தண்டோட ரெண்டு பக்கமும் சுமார் 30 டிகிரி வரைக்கும் ஆடும், அதுக்கு மேல ஒரு தடுப்புல போய் முட்டி நிக்கும். பூட்டே கிடையாது. இழுப்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கு ஃப்ளூக் அந்த தடுப்பு மேல அழுந்தும், இழுப்பு இல்லாதப்போ அப்படியே தட்டையா படுத்துக்கும், எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு பக்கம் மண்ணை பாத்து திரும்பும். சுமையே மூட்டை இறுக்கற மாதிரி வச்சா அந்த மூட்டு பலவீனமே கிடையாதுங்கறது தான் இதுல இருக்கற சூட்சுமம், கிராப்னல்ல இது இல்ல. இதே குடும்பத்துல அலுமினிய கலவையில வர்ற ஃபோர்ட்ரஸ் நங்கூரத்தை போல்ட்டை கழட்டி துண்டு துண்டா பையில போட்டுக்கலாம், ஃப்ளூக் கோணத்தையும் மணலுக்கு 32 டிகிரி, இளஞ்சேத்துக்கு 45 டிகிரின்னு மாத்தி மாட்டலாம்.

மூட்டு வைக்கறது எப்பவுமே மடக்கறதுக்கு மட்டும்னு இல்ல. திரவ இயக்கவியல்ல பெரிய பேர் வாங்கின ஜி. ஐ. டெய்லர் கடல் விமானங்களுக்கு எடை கம்மியான நங்கூரம் வேணும்னு யோசிச்சு 1933ல சி.க்யூ.ஆர்-ங்கற கலப்பை மாதிரி நங்கூரத்தை வடிவமைச்சார், அதுல தண்டு பக்கவாட்டுல ஆடற மாதிரி கீல் வச்சார், படகு காத்துக்கு இப்படி அப்படி ஆடினா தண்டு மட்டும் திரும்பும், மண்ணுக்குள்ள இருக்கற கொழு அசையாது.

சரி, இப்போ மாட்டிக்கற கதை. ஃப்ளூக் பாறை இடுக்குலயோ பழைய கேபிள் அடியிலயோ போய் கொக்கி போட்டுடுச்சுன்னா மேல தூக்கற கட்டளை வேலைக்கே ஆகாது, எவ்வளவு இழுத்தாலும் இன்னும் இறுகும். அப்போ அது போன வழியிலயே, அதாவது தண்டும் ஃப்ளூக்கும் சேர்ற தலைப்பக்கமா பின்னாடி இழுத்தா தான் வரும். தலையில தனி கயிறு கட்டி அதுக்கு ஒரு மிதவை விடறது பழைய வழி, நல்ல வழி தான், ஆனா அடுத்த படகோட ப்ரொப்பெல்லர் அந்த கயித்துல சிக்கும்.

இதை விட அழகான ஏற்பாடு ஒண்ணு இருக்கு. சங்கிலியை தண்டு முனையில மாட்டாம நேரா நங்கூரத்தோட தலையில மாட்டணும், அப்படியே தண்டு ஓரமா இழுத்து கொண்டு வந்து முனையில இருக்கற ஓட்டையோட வயரை கட்டற பிளாஸ்டிக் பட்டை, அதாவது ஒரு மெல்லிசான கேபிள் டை வச்சு கட்டிடணும். சாதாரணமா படுக்கையா இழுக்கறப்போ இது சாதா நங்கூரம் மாதிரியே நடந்துக்கும். மாட்டிக்கிச்சுன்னா நேர் மேல வந்து பலமா இழுத்தா டை அறுந்துடும், இழுப்பு தலைக்கு மாறிடும், நங்கூரம் பின்பக்கமா உருவிக்கிட்டு வந்துடும்.

நிறைய பேர் இதை பலத்துக்கு அறுகற ஃப்யூஸ்னு நினைக்கறாங்க, சரியா கட்டினா அது கோணத்துக்கு அறுகற ஃப்யூஸ். சங்கிலி தலைக்கும் முனைக்கும் நடுவுல தொய்வில்லாம இருந்தா படுக்கையா வர்ற இழுப்பு சங்கிலி வழியாவே நேரா தலைக்கு போயிடும், டை சுமக்கறது சங்கிலியை வளைக்கற பங்கை மட்டும் தான். உத்தேசமா கணக்கு போட்டா 8 டிகிரி கோணத்துல டை மேல விழறது மொத்த இழுப்புல ஏழுல ஒரு பங்கு, அதே இழுப்பு 90 டிகிரியில வந்தா ஒன்றரை மடங்குக்கு கொஞ்சம் கம்மி, அதாவது 1.4 மடங்கு. ஒரே இழுப்பு, திசை மட்டும் மாறினதுக்கு பத்து மடங்கு வித்தியாசம்! சங்கிலியை தொளதொளன்னு விட்டு கட்டினா இந்த கணக்கு மொத்தமும் போச்சு, முதல் நாள் காத்துலயே முழு சுமையும் டை மேல விழுந்து அறுந்துடும். சரியா கட்டினாலும் கயிறு கம்மியா விட்டுட்டு அலையில படகு ஏறி இறங்கினா அறுகலாம், அதனால ராத்திரி தங்கறதுக்கோ படகை விட்டுட்டு போறதுக்கோ இந்த கட்டு வேண்டாம். நைலான் டை வெயில்ல கெட்டு போகும்ங்கறதால அப்பப்போ மாத்தவும் வேணும்.

தண்டுல நீளமா வெட்டு விட்டு வளையம் அதுல ஓடற மாதிரி செய்யற டிசைனும் உண்டு, படகை நங்கூரத்தை தாண்டி எதிர்ப்பக்கம் ஓட்டினா வளையம் தலைக்கு வழுக்கி வந்து கழட்டிடும், எதையும் அறுக்க வேண்டாம். கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா நீரோட்டம் திரும்பினாலும் படகு அதே மாதிரி எதிர்ப்பக்கம் தான் போகும், நீங்க குடுத்த கட்டளையா நீரோட்டம் குடுத்ததான்னு நங்கூரத்துக்கு எப்படி தெரியும்? அதனால நம்பி தூங்கணும்னா முனையில இருக்கற தனி ஓட்டையில தான் மாட்டணும். பாறைக்குன்னே செய்யற வளையுற கம்பி கிராப்னல் இன்னொரு ரகம், மாட்டிக்கிட்டா எஞ்சின் பலத்துல இழுத்தா கம்பி நிமிர்ந்து வந்துடும், மேல எடுத்து கையால திருப்பி வளைச்சுக்கலாம், சில தடவைக்கு அப்புறம் வளைவுல விரிசல் விடும்.

கடல் ஆய்வுக்காரங்க திசையை நம்பறதே இல்ல. அவங்க கருவியோட அடியில பழைய ரயில் சக்கரம் மாதிரி ஒரு எடையை தொங்க விட்டு நடுவுல ஒலியால திறக்கற கொக்கி வைப்பாங்க, மேல கப்பல்லேருந்து சரியான ஒலி சங்கேதம் வந்தா மட்டும் கொக்கி திறக்கும், கருவி மிதந்து மேல வரும், எடை அங்கேயே கிடக்கும். 1960ல மரியானா அகழியோட அடிக்கு போன ட்ரியெஸ்ட்ங்கற ஆழ்கடல் கலம் இரும்பு குண்டுகளை மின்காந்தத்தால பிடிச்சு வச்சிருந்துச்சு, கரண்ட் போனா குண்டு தானா கொட்டும், கலம் மேல ஏறும், பழுதே விடுதலைக்கு கட்டளை ஆகற மாதிரி யோசிச்சிருக்காங்க.

சின்ன படகுக்கு திரும்பி வந்தா, டை எவ்வளவு தடிமன் வைக்கறதுங்கறதுக்கு மேல் வரம்பு நங்கூரத்துல இல்ல, படகோட முன்பக்கத்துல இருக்கு. படகோட மூக்கு தண்ணிக்குள்ள அழுந்தறதுக்கு முன்னாடி டை அறுந்தாகணும். நேர் மேல வந்ததும் கயித்தை முன்பக்க கொம்புல இறுக்கி கட்டிட்டு அலை படகை தூக்கறப்போ அதுவே அறுக்கட்டும்னு விட்டா போதும், நீங்க கையால மல்லு கட்ட வேண்டாம். பின்பக்கத்துல மட்டும் கட்டி இழுக்காதீங்க, அங்க விளிம்பு தாழ்வு, எஞ்சின் எடையும் அங்கதான், ஒரு அலை உள்ள ஏறினா அடுத்தது தானா ஏறும், நங்கூரத்துக்கு பதிலா படகுதான் கீழ போகும்.