காதுக்குள் நீர்: ஒரு தடவை பார்த்தால் போதாது

"கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. டிவி மட்டும் சத்தமாக வேண்டும்" என்று சொல்லி ஆறு வயது மகளை அழைத்து வந்திருந்தார் ஒரு தாய். காதில் வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. நடுக்காதில் நீர் கோத்தால் பெரும்பாலும் இப்படித்தான். வலிக்காததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது, பிள்ளைக்குக் கவனமில்லை என்று திட்டுதான் விழும்.

முதலில் டிம்பனோமெட்ரி செய்தேன். காதுத் துளையில் பொருத்திய முனை வழியே காற்றழுத்தம் மாற மாற, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்பதைக் கருவி கோடாக வரையும். நல்ல காதில் அந்தக் கோடு மலை முகடு போல எழும்பும். இவளுக்கு இரண்டு காதிலும் தட்டையாகப் படுத்திருந்தது. தட்டை என்றாலே நீர் என்றும் சொல்லிவிட முடியாது. குறும்பி அடைத்திருந்தாலும் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் அப்படியே வரும். கோட்டோடு கூடவே கருவி காட்டும் காதுத் துளையின் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். ஓட்டை என்றால் அந்த எண் பெரிதாக இருக்கும். இவளுக்கு இயல்பாக இருந்தது.

நீர் இருப்பது தெரிந்தது. ஆனால் எவ்வளவு கேட்கிறது? அதை அந்தக் கோடு சொல்லாது. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் கட்டையைப் பெட்டியில் போடச் சொன்னேன். 30 டெசிபல் வரை கட்டை கையை விட்டு இறங்கவில்லை, 35-இல்தான் விழுந்தது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்ததும், 10 டெசிபலுக்கே சட்டென்று போட்டாள். அந்த அதிர்வு நடுக்காதைத் தாண்டி நேரே உட்காதுக்குப் போகும். அப்படியென்றால் உட்காது நலம். தடை நடுக்காதில்தான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நீர் 3 மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். சளி மருந்தோ ஆன்டிபயாடிக்கோ அதை வற்றவைப்பதில்லை. அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறோம். பலர் அதைச் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு திரும்ப வருவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். 3 மாதம் கழித்தும் இரண்டு காதிலும் கோடு தட்டையாகவே இருந்து, கேட்கும் திறனும் ஏறவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையில் குரோமெட் என்ற சிறு குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார். பிளவு அண்ணம், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நீர் அடிக்கடி கோக்கும் என்பதால், ஆரம்பத்திலேயே மருத்துவர் பார்வையில் இருப்பது நல்லது.

அந்தத் தாய் சொன்ன நாளில் வந்தார். இடது காதில் சின்னதாக ஒரு முகடு எழும்பியிருந்தது, 20 டெசிபலுக்கே கட்டை விழுந்தது. வலது காது இன்னும் தட்டைதான். வகுப்பில் முன்வரிசையில், வலப்பக்க ஓரமாக உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன், இடது காது ஆசிரியர் பக்கம் இருக்கும். அடுத்த தேதியை, கேட்கும் அளவைப் பதிவு செய்த ஆடியோகிராம் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.