எக்ஸ்.ஆர்.எஃப் திரையில் தெரியும் ± எண்ணை எவ்வளவு நம்பலாம்?

எக்ஸ்-ரே செலுத்தி உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப் கருவியை உலோகத்தில் வைத்து விசையை அழுத்தினால் சில நொடிகளில் கிரேடு (கலவை வகை) பெயரே வந்துவிடுகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் பக்கத்தில் ஒரு ± எண். அது சின்னதாக இருந்தால் ரீடிங் சரி என்று பலர் குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொதுவாக அந்த எண், எக்ஸ்-ரே ஃபோட்டான்களை எண்ணுவதில் வரும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சொல்கிறது. அளக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகும். பரப்பில் அழுக்கிருந்தால்? அழுக்கை இன்னும் துல்லியமாக அளந்திருப்போம், அவ்வளவுதான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது பரப்பைத்தான். எஃகில் இரும்பு, குரோமியம் சிக்னல் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்தே வருகிறது. சிலிக்கான், அலுமினியம் என்றால் சில மைக்ரான்தான். துத்தநாகப் பூச்சு, துரு, பெயிண்ட் எல்லாம் ரீடிங்கில் கலந்துவிடும். தேய்த்து எடுக்க வேண்டும்.

தேய்ப்பதிலும் வம்பு உண்டு. சிலிக்கான் கார்பைடு எமரித் தாளால் அலுமினியக் கலவையைத் தேய்த்தால், மென்மையான பரப்பில் துகள்கள் புதைந்து சிலிக்கான் கூடுதலாகக் காட்டும். வார்ப்பு அலுமினியத்தில் கிரேடைப் பிரிப்பதே பெரும்பாலும் சிலிக்கான் அளவுதான்! அங்கே சுத்தமான அரம் போதும். நிக்கல் கலவையைத் தேய்த்த தாளோடு அப்படியே கார்பன் எஃகுக்குப் போகாதீர்கள். நிக்கலும் கூடவே போகும்.

அடுத்தது, தனிமங்கள் ஒன்றின் கணக்கில் இன்னொன்று தலையிடுவது. நிக்கலின் கதிர் இரும்பைத் தூண்டி அதன் சிக்னலைக் கூட்டும், இரும்பின் கதிர் குரோமியத்தைத் தூண்டும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் எக்ஸ்-ரே வெளியிடும்; அவற்றைக் கோடுகள் என்பார்கள். டைட்டானியத்தின் கே-பீட்டா கோடு (4.93 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வனேடியத்தின் கே-ஆல்ஃபா கோட்டின் (4.95) மேலேயே விழுகிறது. 6% அலுமினியம், 4% வனேடியம் உள்ள டைட்டானியக் கலவையை அளப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. மென்பொருள் திருத்தும்தான். ஆனால் திருத்தம் சரியா என்று பார்க்க, அதே வகைக் கலவையில் சான்றளிக்கப்பட்ட மாதிரி ஒன்று கையில் வேண்டும். ஸ்டெயின்லெஸ் மாதிரியில் சரிபார்த்துவிட்டு டைட்டானியத்தை அளப்பது சரிபார்ப்பே இல்லை.

கார்பன் விஷயத்தில் மட்டும் எந்தத் திருத்தமும் உதவாது. 316, 316எல் என்ற இரண்டு ஸ்டெயின்லெஸ் எஃகு வகைகளைப் பிரிப்பது கார்பன். எல் வகையில் 0.03 சதவீதத்துக்கு மேல் கூடாது. கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப் கார்பனைப் பார்ப்பதே இல்லை. திரையில் ‘316எல்’ என்று வந்தாலும் அது அளந்து சொன்னதல்ல, பட்டியலில் பொருந்திய பெயர். வெல்டிங்குக்கு எல் வகைதான் வேண்டுமென்றால் ஸ்பார்க் ஓ.இ.எஸ் (மின்பொறியில் உலோகம் உமிழும் ஒளியை வைத்துக் கார்பனையும் அளக்கும் முறை) பரிசோதனை கேளுங்கள்.